குழிப்பந்தாட்டமும் நிகழ்தகவும்

நாளை நடப்பதை அறுதியிட்டு உரைக்கவல்லார் எவருமிலர். ஆயினும், நடக்கக்கூடியவற்றுள் எது எத்துணை எளிதில் நடக்கும் என அளந்தறியும் முறையொன்று உண்டு. அதனைக் கணித நூலார் நிகழ்தகவு என்பர். இடையில் நின்றுபோன சூதாட்டமொன்றின் பணயத்தை எவ்வாறு பங்கிடுவது என்பது பற்றிப் பஸ்கால், பேர்மா என்னும் பிரான்சிய அறிஞர் இருவரும் 1654ஆம் ஆண்டில் எழுதிக்கொண்ட கடிதங்களால் இத்துறை வளரலாயிற்று. இன்று அமெரிக்காவிலே ஒரு புதுமையான பந்தயத்திற்கும் அது கருவியாகியுள்ளது.

கொல்ப் எனப்படும் குழிப்பந்தாட்டப் போட்டி தொடங்குமுன், இரசிகரொருவர் ஆட்டக்காரர் அறுவரைத் தெரிந்து கற்பனைக் குழுவொன்றை அமைப்பார். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு விலை குறிக்கப்பட்டிருக்கும். 2012இல் தொடங்கிய டிராப்ட்கிங்ஸ் நிறுவனத்தின் வழக்கமான போட்டியில் அறுவரின் மொத்த விலை 50,000 டொலரை மிஞ்சலாகாது. இவ்விலை கற்பனையே, நுழைவுக் கட்டணமும் பரிசும் மெய்ப்பணம். களத்திலே அவ்வறுவர் ஈட்டும் புள்ளிகளின் கூட்டுத்தொகையே குழுவின் பெறுபேறாகும்.

156 பேர் ஆடும் போட்டியில் அறுவரைத் தெரியும் வழிகள் 1,816 கோடிக்கு மேற்பட்டவை. விலை வரம்பினால் பல நீங்கினும் எஞ்சுவன மிகப்பல.

சிறந்தவரையே தெரிந்தாற் போதாதோ எனச் சிலர் வினவலாம். குழிப்பந்தாட்டத்திலே 18 குழிகளைக் குறைந்த அடிகளில் முடிப்பவரே மேலானவர். ஆயின், ஒருவரது அடிகளின் தொகை நாளுக்கு நாள் மாறும். அதன் நியமவிலகல் ஏறத்தாழ 3 அடிகளாகும். நாளொன்றுக்குச் சராசரியாக 2 அடிகள் மேம்பட்டவரொருவரை எடுத்துக்கொள்வோம். தாழ்ந்தவர் அவரை ஒரு நாளில் வெல்லும் நிகழ்தகவு நூற்றுக்கு 32 அளவாகும். நான்கு நாளும் ஆடி முடித்த பின்னரும் அது 17 அளவில் நிற்கும். திறமையும் தற்செயலும் இவ்வாறு பின்னிக் கிடக்கின்றன.

முதலிரு நாள்களின் பின் பின்தங்கியோர் விலக்கப்படுவதும் உண்டு. எஞ்சி நிற்கும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு 70 எனவும், ஒருவர் நிலை மற்றவரைச் சாராதெனவும் கொள்வோம். அறுவரும் எஞ்சுவதற்கு 0.7 என்பதை ஆறு முறை பெருக்குதல் வேண்டும். விடை நூற்றுக்கு 12 மட்டுமே!

மெய்யான களத்திலே இச்சாராமையும் நிலைப்பதில்லை. காலையில் ஆடுவோர் அமைதியான வானிலையைப் பெற, மாலையில் ஆடுவோர் அனைவரும் காற்றினால் ஒருங்கே இடர்ப்படலாம். இத்தகைய சிக்கல்களைச் சூத்திரத்தால் தீர்த்தல் அரிது. இங்கேதான் மொன்ரே கார்லோ முறை துணையாகின்றது. 1946இல் நோயினின்று தேறிவந்த ஸ்ரனிஸ்லாவ் உலாம் என்னும் கணிதர், தனியே சீட்டாடுகையில், வெற்றியின் நிகழ்தகவைக் கணக்கிட முயன்று களைத்தார். நூறுமுறை ஆடி, வென்றவற்றை எண்ணிவிடலாமே என்று அவருக்குத் தோன்றிற்று. அவ்வெண்ணத்தை அவரும் வொன் நியூமானும் அணு ஆராய்ச்சிக்கு ஏற்றனர்.

அவ்வழியே, ஒவ்வோர் ஆட்டக்காரரின் சராசரியையும் விலகலையும் கணினிக்கு ஊட்டி, எழுமாற்றெண்களால் போட்டி முழுவதையும் 10,000 முறை பாவனையாக நடத்துவர். ஒரு குழு எத்தனை முறை பரிசெல்லையை எட்டியது என எண்ணுவர். எண்ணிக்கையால் எழும் வழுவைப் பாதியாக்க நான்கு மடங்கு முறைகள் வேண்டும்.

இதனாற் பெறப்படும் உண்மையொன்று சிந்தித்தற்குரியது. பங்குபற்றுவோருட் பாதிப்பேர் பரிசுபெறும் பந்தயத்தில் ஏற்றத்தாழ்வு குறைந்த குழுவே நன்று. ஆயிரக்கணக்கானோருள் ஒருசிலரே பெரும்பரிசு பெறும் பந்தயத்திலோ, ஒருங்கே உயரவும் ஒருங்கே வீழவும் வல்ல குழுவும், பிறர் நாடாத ஆட்டக்காரருமே பயன் தருவர். சராசரி ஒன்றாயினும் நோக்கம் வேறாயின் தெரிவும் வேறாகும்.

எனினும் கணினி தீர்க்கதரிசியன்று. நாம் ஊட்டிய சராசரி பிழையாயின், இலட்சமுறை ஆடினும் அப்பிழையே திரும்பி வரும். மேலும், நடத்துவோர் தம் பங்கை முன்னரே கழித்துக்கொள்வர். 10 டொலர் கட்டி வென்றால் 18 டொலர் கிடைக்குமாயின், நட்டமின்றி நிற்பதற்கே நூற்றுக்கு 56 முறையளவு வெல்லுதல் வேண்டும். எல்லோரும் அவ்வாறு வெல்லுதல் இயலாது. ஆகவே, நேர்மையாகக் கணக்கிடுவோர் பலருக்கு அக்கணக்குக் கூறும் விடை, 'ஆடாதிருத்தலே நன்று' என்பதாம். அவ்விடையையும் ஏற்கும் மனத்திண்மையை மாணவர் பெறுவராயின், நிகழ்தகவு கற்றதன் பயன் அவர்க்குக் கிட்டியதெனலாம்.