வொல்காக் கரையில் ஒரு நகர்: நிஸ்னி நொவ்கொரொட் பற்றிய வரலாற்றுக் குறிப்பு

மார்க்சிம் கோர்க்கியின் ‘தாய்’ நாவலை ரகுநாதனின் தமிழாக்கத்தின் வழி அறிந்தோர் நம்மிடையே பலர். எனினும் அந்நாவலுக்கு ஊற்றுக்கண்ணாய் அமைந்த நகரைப் பற்றி நாம் அறிந்திருப்பது சொற்பமே. அதன் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்குறிப்பின் நோக்கமாகும்.

வொல்காவுடன் ஓக்கா நதி கலக்கும் உயர்ந்த கரையில், விளதிமிர் நாட்டுப் பெருங்கோமகன் யூரி விசெவலோதொவிச் 1221ஆம் ஆண்டில் இந்நகரை நிறுவினான். மொர்த்வின் மக்களின் நிலப்பரப்பில், வொல்கா பல்கார்களை எதிர்நோக்கி எழுந்த இது, தோற்றத்தில் ஒரு காவலரணே. 1552இல் கசானும் 1556இல் அஸ்திரகானும் மொஸ்கோவின் வசமாகவே, வொல்கா முழுவதும் ருஷ்ய வணிகப் பாதையாயிற்று. எல்லையரண் வணிக நகராக மாறியமைக்கு இதுவே பிரதான காரணம் எனலாம். போலந்துப் படையினரிடமிருந்து மொஸ்கோவை மீட்க 1611இல் படை திரட்ட முன்னின்ற குஸ்மா மீனின் இந்நகரின் இறைச்சி வணிகன் என்பது, வணிகர் ஏலவே பெற்றிருந்த செல்வாக்குக்குச் சான்றாகும்.

1816இல் மக்காரியெவ் சந்தை தீக்கிரையானதையடுத்து, 1817 முதல் அது இங்கு கூடலாயிற்று. சீனத் தேயிலையும் யூரல் இரும்பும் இங்கு கைமாறின. அச்செல்வத்தைச் சுமந்த படகுகளை, நீராவிக் கப்பல்கள் பெருகும்வரை, கயிறு பூட்டி நீரோட்டத்துக்கெதிராக இழுத்தோர் ‘பூர்லாக்’ எனப்பட்ட கூலியாட்களே. 1868இல் இந்நகரிற் பிறந்த கோர்க்கியின் தாய்வழிப் பாட்டனார் இளமையில் அவர்களுள் ஒருவர். பின்னர் சாயப்பட்டறை உடைமையாளரானார். நகரின் வர்க்க அசைவியக்கத்தை ஒரு குடும்பத்தினுள்ளேயே காண்கிறோம்.

1849இல் அயலிலுள்ள சோர்மோவோவில் கப்பல் கட்டும் தொழிற்சாலை தோன்றியது. அங்கு 1902ஆம் ஆண்டு மேதின ஊர்வலத்திற் செங்கொடி ஏந்திக் கைதான தொழிலாளி பியோத்தர் சலோமோவும் அவரது தாயாருமே நாவலின் பாவெலுக்கும் நீலொவ்னாவுக்கும் மூலமாயினர். அதே ஆண்டில் சாராட்சி கோர்க்கியை இந்நகரிலிருந்து அர்ஸமாஸுக்கு நாடுகடத்தியது.

1932இல் மோட்டார்த் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. நகரும் கோர்க்கியின் பெயரைப் பெற்றது. பின்னர் அது வெளிநாட்டார் புகமுடியாத மூடிய நகராயிற்று. 1980 முதல் 1986 வரை விஞ்ஞானி சகாரொவ் அங்கேயே கட்டாயமாகக் குடியிருத்தப்பட்டார். அதிகாரத்தால் வெளியேற்றப்பட்ட எழுத்தாளனின் பெயர் தாங்கிய நகரே கருத்து மாறுபட்டவருக்குச் சிறையானது. இம்முரண்பாட்டை மழுப்புதல் மார்க்சிய ஆய்வுக்கு அழகன்று. 1990இல் நகர் தன் பழைய பெயருக்கு மீண்டது. ஆயின், பெயர் மாற்றத்தால் சோர்மோவோத் தொழிலாளரின் வரலாறு அழிந்துவிடாது. அதனைக் காக்கும் பொறுப்பு, அவர்கள் பெயரால் நிகழ்ந்த தவறுகளையும் ஒளியாது கூறும் வாசகரையும் ஆய்வாளரையும் சார்ந்ததாகும்.