ஒரே வரைபடம், மூன்று கேள்விகள்

வீட்டுவழிக் கல்வியில் மூவருக்கும் நானே ஆசிரியை. மூத்தவளுக்கு வயது 13. தம்பிகளுக்கு 9, 6. புவியியலைத் தனித்தனியே நடத்தினால் நாள் போதாது. சேர்த்தே நடத்தினால், மூத்தவளின் படிப்பு தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே கரைந்துவிடும்.

அதனால் வாரம் ஒரு தலைப்பு, ஆளுக்கொரு கேள்வி. இவ்வாரம் தித்திவங்சா மலைத்தொடர். சின்னவன் வரைபடத்தில் மலைக்கு வண்ணம் தீட்டுவான். அடுத்தவன், கிள்ளான் ஆறு மலாக்கா நீரிணைக்கும் பகாங் ஆறு தென்சீனக் கடலுக்கும் போகும் வழியை வரைவான். வடகிழக்குப் பருவமழை கிளந்தான், திரங்கானுவை அதிகம் நனைப்பது ஏன் என்று மூத்தவள் எழுதுவாள். கடலின் ஈரக்காற்றை மலை மறிப்பதை அவளே கண்டறியட்டும்.

தம்பிகள் விளையாடப் போனதும் வரும் அரை மணி நேரம் அவளுக்கு மட்டுமே. அட்டவணை போடும்போது முதலில் அதைக் குறித்துவிடுங்கள்.