கேழ்வரகின் நொதிக் கணக்கு

தமிழ்நாடும் கர்நாடகமும் ஆந்திரமும் கைகோக்கும் குப்பம் மேட்டுநிலத்தில் கேழ்வரகு பழைய மானாவாரிப் பயிர். மழை தவறினால் பக்கத்து நிலத்துத் தக்காளி துவண்டுவிடும், கேழ்வரகு தாக்குப்பிடிக்கும். அந்தத் தெம்பில் பெரும்பங்கு நொதிகளுடையது. நொதி என்பது வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். வேலை முடிந்ததும் தான் தீர்ந்துபோகாமல் அடுத்த வேலைக்குத் தயாராகிவிடும்.

முதல் வேலை விதையில். ஈரம் பட்டதும் அமைலேஸ் என்ற நொதி, சேமித்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டுகிறது. முளை அதைத் தின்று வளர்கிறது. முளைகட்டிய ராகி மாவில் காய்ச்சிய கஞ்சி கெட்டிப்படாமல் இளகியிருப்பது இதனால்தான்.

இலை விரிந்ததும் அடுத்த சிக்கல். கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும் ருபிஸ்கோ என்ற நொதி, மகா மந்தம். நாம் கைதட்டும் வேகத்தில் நொடிக்கு மூன்று நான்கு மூலக்கூறுகள்தான் அதற்கு முடியும். போதாததற்கு ஆக்சிஜனையும் தவறிப் பிடித்துவிடும். நெல்லும் நிலக்கடலையும் இந்த நஷ்டத்தைச் சகித்துக்கொள்கின்றன. கேழ்வரகோ பெப் கார்பாக்சிலேஸ் என்ற இன்னொரு நொதியை முன்னால் நிறுத்துகிறது. ஆக்சிஜனிடம் ஏமாறாத அந்த நொதி பிடித்துத் தரும் கரியமில வாயு, உள்ளே ருபிஸ்கோவைச் சுற்றிக் குவிகிறது. இலைத்துளைகளை அகலத் திறக்கத் தேவையில்லை, நீர் மிச்சம்.

மண் காய்ந்தால்? கேரட்டுக்கு நிறம் தரும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நிறமியை வேறொரு நொதி நறுக்குகிறது. அந்தத் துண்டு இரண்டே படிகளில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனாகி, இலைத்துளைகளை மூடவைக்கிறது.

மூடினால் நீர் தங்கும். ஆனால் கரியமில வாயு குறையும். வெயில் மட்டும் குறையாது. செலவாகாத ஒளியாற்றல் ஆக்சிஜன்மேல் பாய, சூப்பராக்சைடு என்ற நச்சு பிறக்கிறது. இதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுவது சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ். 1969-ல் அமெரிக்காவில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் இந்த நொதியை மாட்டு ரத்தத்தில் கண்டறிந்தார்கள்; மாட்டுக்கும் பயிருக்கும் ஒரே தற்காப்பு!

பெராக்சைடும் நச்சுதான். அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும் கேட்டலேஸ், ருபிஸ்கோவுக்கு நேரெதிர்: ஒரே மூலக்கூறு நொடிக்கு லட்சக்கணக்கில் உடைத்துத் தள்ளும். காயத்தில் பெராக்சைடு ஊற்றினால் பொங்கும் நுரை, நம் உடலிலுள்ள கேட்டலேஸின் கைவரிசை.

அதற்காகப் பெராக்சைடை ஒட்டத் துடைத்துவிட்டாலும் செடிக்குக் கேடு. மிஞ்சும் சிறிதளவுதான் ஆபத்தை அறிவித்துத் தற்காப்பு மரபணுக்களை எழுப்புகிறது. இலைத்துளை மூடுவதற்கும் அது உதவுகிறது. வறட்சி தாங்கும் ரகத்தைத் தேடும் ஆய்வாளர்கள் இந்த நொதிகளை அளப்பது இதனால்தான். எவ்வளவு இருக்கிறது என்பதோடு, வறட்சியின் எந்தக் கட்டத்தில் கூடுகிறது, மழை வந்ததும் எப்படித் தணிகிறது என்பதும் அவர்களுக்கு முக்கியம்.