கப்பலேறியவருக்குக் கணக்கு உண்டு

கரீபியன் பகுதியின் பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப்பிலிருந்தோ மார்த்தினிக்கிலிருந்தோ பூர்விகம் தேடிக் காரைக்கால் வருகிறவர் கையில் பெரும்பாலும் ஒரு நகல் தாள் இருக்கும். கொள்ளுத்தாத்தாவுக்கும் மூத்தவர் ஒருவரின் பெயர், வயது, அவருக்கு இட்ட எண், கப்பலின் பெயர், ஏறிய துறை காரைக்கால். அந்தக் கடைசிச் சொல்லை நம்பித்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள். சிக்கலும் அதில்தான் இருக்கிறது.

1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. 1853 மே மாதம் ‘ஒரேலி’ என்ற கப்பல் மார்த்தினிக்கில் முதல் இந்தியரை இறக்கியது. மறு ஆண்டு டிசம்பர் 24 அன்று அதே கப்பல் குவாதலூப் போய்ச் சேர்ந்தது. 1889 முடிய அந்த ஒரு தீவுக்கு மட்டும் 42,000 பேருக்கு மேல் போனார்கள். பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காரைக்கால் மண்டலமோ மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். கிழக்கே கடல், மற்றப் பக்கமெல்லாம் அன்றைய ஆங்கிலேயர் தஞ்சாவூர் ஜில்லா. 1861-ல் பிரிட்டனும் பிரான்ஸும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆங்கிலேயர் பகுதியிலும் சட்டப்படியே ஆள் திரட்டினார்கள். ஆகவே தாளில் உள்ள ‘காரைக்கால்’ பலருக்குக் கப்பலேறிய இடமே தவிர, பிறந்த ஊர் அல்ல. ஊர்ப்பெயரும் தனியாக எழுதப்பட்டிருந்தால் அதிர்ஷ்டம். அதிலும் பிரெஞ்சு எழுத்தரின் காது புகுந்து விளையாடியிருக்கும். வீரப்பன் ‘விராபென்’ ஆகி, அதுவே இன்று ஒரு குடும்பத்துக்கே பெயராகிவிட்டது; ஊர்ப்பெயர் மட்டும் எப்படித் தப்பும்?

போனவர்களில் பலர் விவசாயக் கூலிகள், பண்ணையாட்கள். நிலம் வேலிக் கணக்கில் மிராசுதாரர் பெயரில் இருந்தது. ஒரு வேலி என்பது இருபது மா, ஏறக்குறைய ஆறரை ஏக்கர். அதில் நாற்று நட்டவன் பெயர் எந்த நிலக் கணக்கிலும் ஏறவில்லை. கப்பலேறியவனின் பெயர், வயது, சில பதிவேடுகளில் உயரம்கூட இருக்கிறது. ஊரிலேயே தங்கிவிட்ட அவன் தம்பிக்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. கரும்புத் தோட்ட முதலாளிக்கு வேலை செய்யும் உடம்பை அடையாளம் காண வேண்டியிருந்தது, அதனால் எழுதி வைத்தான். அந்தப் பதிவேட்டைக் கருணை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

காரைக்கால் எல்லைக்குள்ளேயே இருந்த குடும்பங்களின் கதை வேறு. நிரவி, நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருநள்ளாறு எனக் கொம்யூன் (உள்ளாட்சிப் பிரிவு) வாரியாகப் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் பிரெஞ்சில் பதிவாயின. 1880-ல் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் பதிவு விதிகள் இந்தியருக்கும் வந்தன. அந்தப் பழைய ஏடுகளின் பிரதிகள் இன்று பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இணையத்திலும் புரட்டிப் பார்க்கலாம். காரைக்காலில் இந்தத் தேடல் வெறும் ஆசைக்காக நடப்பதில்லை. 1962 ஆகஸ்டில் இந்தியாவுடன் சட்டப்படியான இணைப்பு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் தந்தார்கள். அன்று தாத்தா என்ன செய்தார் என்பதை இன்றும் பேரப்பிள்ளைகள் காகிதத்தில் தேடுகிறார்கள்.

காகிதம் முடிகிற இடத்தில் ஊர் பேச வேண்டும். குலதெய்வம் எது, பங்காளிகள் யார், கோயில் வரி வசூலிக்கும் தலைக்கட்டு நோட்டில் எந்த வகையறா? பட்டணத்தில் குடியேறிய பிறகும் பலர் இந்த வரியை விடாமல் கட்டுகிறார்கள். கட்டாமல் விட்டால் ஊரில் பங்கில்லை என்கிற பயம். ஆனால் நூற்றைம்பது வருடத்துக்கு முன் போனவர் எந்த நோட்டிலும் இல்லை. அவர் கொண்டுபோன சாமியைத்தான் கேட்க வேண்டும். குவாதலூப்பில் மாரியம்மனும் மதுரை வீரனும் இருக்கிறார்கள். இன்னொரு பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில் இந்துக் கோயில்களிலேயே நாகூர் ஆண்டவருக்குக் கம்பம் நட்டுக் கொடியேற்றுகிறார்கள். திருமலைராயன்பட்டினம் தாண்டினால் நாகூர்தான். எந்தக் கடற்கரையைக் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆனால் எந்த வயலிலிருந்து வந்தார்கள் என்பதை அந்தக் கொடியும் சொல்லாது.

போன இடத்தில் அவர்களுக்கு ஊர் கிடைக்கவும் நாளாயிற்று. குவாதலூப்பின் கப்பெஸ்தேரில் 1863-ல் பிறந்த ஆன்ரி சிதம்பரம் இந்தியருக்கு வாக்குரிமை கேட்டு 1904-ல் தொடங்கிய போராட்டம் 1923-ல்தான் வென்றது. இன்றும் அந்தத் தீவில் இந்திய வம்சாவளியினர் பலர் கரும்பு வைத்து, மாடு வளர்த்து விவசாயிகளாகவே இருக்கிறார்கள்.

அப்படி ஒருவர் டெல்டா கிராமத்துக்கு வந்தால் டீ வாங்கிக் கொடுப்பார்கள், இளநீர் வெட்டுவார்கள். அடுத்து ஒரு பெரியவர் கேட்பார்: “நீங்க எந்தத் தெரு?” கேள்வி சாதியைப் பற்றியது என்பது வந்தவருக்கு விளங்காது. அவர் தாளில் சாதிக்கும் ஒரு கட்டம் இருக்கலாம், பிரெஞ்சு எழுத்தில். ஆனால் கப்பலில் ஒரே பானைச் சோறு தின்று, தோட்டத்தில் யார் யாரையோ மணந்து, தமிழரும் தெலுங்கரும் ஆப்பிரிக்கரும் கலந்து பெருகிய குடும்பம் அது. எந்தத் தெருவைக் காட்டினாலும் அவருக்கு மிச்சத் தெருக்கள் பாக்கி இருக்கும்.