சுரங்கத்துக்குப் பக்கத்தில் குதிரைப் பண்ணை

ஈயலம்பங்களால் வளர்ந்த நகரம் கோலாலம்பூர். சன்வே லகூன் நீர்ப்பூங்காவும் ஒரு பழைய லம்பத்தில் எழுந்ததுதான். மாணவர்களே, அந்த லம்பத்துக்கு அருகில் குதிரைப் பண்ணை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் இந்தக் கேள்வி உண்மையாகவே எழுந்தது. அங்கே கூல்மோர், கொடால்பின் என்னும் பந்தயக் குதிரைப் பண்ணைகளுக்கு அருகில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் தோண்டத் திட்டமிட்டார்கள். அதன் பெயர் டிரேட்டன் சவுத்.

குதிரைக்கு என்ன கெடுதல்? முதலில் தூசி. நமக்கு மூச்சு வாங்கினால் வாயாலும் சுவாசிப்போம். குதிரையோ மூக்கால் மட்டுமே சுவாசிக்கும். பாய்ந்தோடும்போது நிமிடத்துக்கு 1,000 லிட்டருக்கும் அதிகமான காற்றை உள்ளிழுக்கும். காற்றிலுள்ள நுண்தூசியும் கூடவே நுரையீரலுக்குள் போகும். அடுத்தது வெடிச்சத்தம். மிரண்டு ஓடும்போது குதிரையின் கால் முறிந்தால், அது பிழைப்பது கடினம்.

தண்ணீர் தெளித்தால் தூசி குறையும். காற்றின் திசை பார்த்து வெடி வைக்கலாம். ஆனாலும் தூசியை முற்றாகத் தடுக்க முடியாது. போதிய இடைவெளிதான் நல்ல பாதுகாப்பு.

சுரங்கம் வந்தால் வேலை கிடைக்கும் என்று வாதிட்டவர்களும் உண்டு. எனினும் திட்ட மதிப்பீட்டு ஆணையம் 2017இல் அனுமதி மறுத்தது. பின்னர் 2020இல் அதே பகுதியில் நிலத்தடிச் சுரங்கத்துக்கு அனுமதி கிடைத்தது. இதில் மேல்மண்ணை முழுதாகப் பெயர்ப்பதில்லை. அதனால் தூசி குறைவு.

உங்கள் வட்டாரத்தில் கல்லுடைக்கும் இடம் உண்டா? காற்று அங்கிருந்து எந்தப் பக்கம் வீசுகிறது என்று கவனித்துப் பாருங்கள்.