பயிர் இன்ஷ்யூரன்ஸும் அடங்கல் கணக்கும்

சம்பாப் பயிர் நிற்கும் காலத்தில் புயலும் பெருமழையும் வருவது காவேரி டெல்டா விவசாயிகளுக்குப் புதிதன்று. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி வேதாரண்யத்தருகே கரை கடந்த கஜா புயலை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய நஷ்டத்தைக் கணக்கிடும் முறை இப்பொழுது மாறி வருகிறது.

பிரதம மந்திரி பயிர் இன்ஷ்யூரன்ஸ் திட்டம் 2016-ல் ஏற்பட்டது. இதில் அறுவடைச் சோதனையே பிரதானம். நெல் வயலில் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் அளந்து அறுத்து, எடை போட்டு, கிராமத்தின் சராசரி மகசூலைக் கணிக்கிறார்கள். அது உத்தரவாத மகசூலுக்குக் குறைந்தால் நஷ்டஈடு உண்டு. ஒருவர் வயல் மட்டும் கெட்டு, கிராமச் சராசரி குறையாவிடில் இவ்வழியில் தொகை கிடைப்பதில்லை. இதை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

இப்பொழுது சோதனை வயலின் படமும் எடையும் செல்பேசி மூலம் அவ்விடத்திலேயே பதிவாகின்றன. 2023 முதல் நெல், கோதுமை மகசூலைக் கணிப்பதில், செயற்கைக்கோள் முதலியவற்றால் பெறும் மதிப்பீட்டுக்கு 100-க்கு 30 பங்கு இடமளிக்கும் முறை புகுத்தப்பட்டது. ராடார் பொருத்திய செயற்கைக்கோள், மேகம் மூடிய நாட்களிலும் நீர் தேங்கிய நிலத்தைக் காட்டவல்லது.

ஆனால் கருவி காண்பது நிலத்தை மட்டுமே. அந்நிலம் யாருடையது, பதிந்த பயிர் எது என்பவற்றை அடங்கலே சொல்லவேண்டும். நான் அறிந்த ஒரு மிராசுதார் பிரிமியத்தைத் தவறாமல் கட்டியிருந்தார். பதிவில் உட்பிரிவு எண் மாறி, பக்கத்துத் தரிசு நிலத்தின் எண் விழுந்துவிட்டது. அவர் வயல் நீரில் மூழ்கியது உண்மை. படத்தில் அந்த எண்ணுக்குரிய நிலத்தில் பயிரே இல்லை. பிழையைத் திருத்தி முடிப்பதற்குள் அடுத்த நாற்றங்கால் விடும் பருவம் வந்துவிட்டது.

ஆகையால் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. பிரிமியம் கட்டிய ரசீதைப் பெற்று, சர்வே எண், உட்பிரிவு, பயிர், பரப்பு நான்கையும் அடங்கலுடன் ஒத்துப் பார்க்கவேண்டும்.

2. தனி வயலின் நஷ்டத்துக்கும், அறுத்து உலரப் போட்ட பயிரின் நஷ்டத்துக்கும் பாதுகாப்பு அறிவிக்கப்பட்டுள்ள இடங்களில், 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கவேண்டும்.

3. நீர் வடியுமுன் வயலைப் படமெடுத்து வைத்துக்கொள்வது நன்று.

கிராம நிர்வாக அதிகாரிகள் வயலை நேரில் பார்த்தே அடங்கல் எழுதுவார்களாக. அதில் ஓர் எண் பிசகினால் ஒரு குடும்பத்தின் மறுசாகுபடி தடைப்படும்.