உஷார்! ‘எல்லாம் ஃப்ரீயா போட்டுட்டேன் சார்!’

“விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப், தமிழ் ஃபான்ட்... எல்லாம் ஃப்ரீயா போட்டுட்டேன் சார். ஒண்ணே ஒண்ணு, ஆன்டிவைரஸை மட்டும் ஆன் பண்ணிடாதீங்க. பண்ணா எல்லாம் போயிடும்.”

செங்கல்பட்டில் ஒரு கடையில் பழுதுபார்க்கக் கொடுத்த மடிக்கணினியைத் திரும்ப வாங்கும்போது எனக்குச் சொல்லப்பட்டவை இந்த வார்த்தைகள். இதே வார்த்தைகளை யாராவது உங்களிடமும் சொல்லியிருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள். முக்கியமான கோப்புகளை இப்போதே ஒரு வெளி டிரைவில் நகலெடுங்கள். டிரைவைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். பிறகு வந்து படியுங்கள்.

அன்று இரவு நடந்தது

2019 நவம்பர். செங்கல்பட்டு தனி மாவட்டமான மாதம் அது. 29-ஆம் தேதி நடக்கவிருந்த தொடக்க விழாவுக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். இரவு பத்து மணி வாக்கில் திரையில் ஒரு பெட்டி வந்தது. ‘விண்டோஸ் அப்டேட்’ என்றது. முடியும்வரை காத்திருப்போம் என்று சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை முதல் கோவளம் வரை கடற்கரை ஊர்களைப் பற்றி நான் எழுதி வைத்திருந்த அத்தனை கட்டுரைகளின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கு எழுத்து வால் முளைத்திருந்தது. எதைத் திறந்தாலும் குப்பை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘ரீட்மீ’ என்று ஒரு கடிதம்: உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், சாவிக்கு 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர். அன்றைய மதிப்பில் முழுத் தொகை ஏறக்குறைய 70 ஆயிரம் ரூபாய்!

‘ஸ்டாப்-டிஜேவு’ என்ற பணயத் தீநிரல் அது. திரையில் வந்த அப்டேட் பெட்டியே பொய். பின்னால் பூட்டும் வேலை நடப்பது தெரியாமல் இருக்க அது போடும் வேடம். இந்தத் தீநிரல் பெரும்பாலும் பரவியது ‘கிராக்’, ‘ஆக்டிவேட்டர்’, ‘கீஜென்’ என்ற பெயர்களில் சுற்றும் உரிமம் உடைக்கும் கருவிகள் வழியாக. ஆன்டிவைரஸை ஏன் அணைத்து வைக்கச் சொன்னார்கள் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, காவலாளியையும் ஊருக்கு அனுப்பி வைத்திருந்தேன்.

எழுதுபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தீநிரல் வேகமாக வேலை முடிக்க, ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டுமே பூட்டும். கல்யாண வீடியோ போன்ற பெரிய கோப்பில் கொஞ்சமாவது மீட்க வழி உண்டு. ஆனால் ஒரு கதையோ கட்டுரையோ மொத்தமே அந்த அளவைத் தாண்டாது. எழுத்து முழுதாகப் போய்விடும். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இந்தத் தீநிரலின் 148 வகைகளுக்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. எனக்கு வந்தது அதற்குப் பின் கிளம்பிய புது வகை. பத்திரிகைகளுக்கு ஏற்கெனவே மின்னஞ்சலில் அனுப்பியிருந்த ஒன்பது கட்டுரைகள் மிஞ்சின. ஐந்து போயே போயின.

மூன்றையும் ஒன்றாக நினைக்காதீர்கள்

நம் ஊரில் காசு கொடுக்காமல் கிடைக்கும் எல்லாவற்றுக்கும் ‘ஃப்ரீ’ என்று ஒரே பெயர். ஆபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. மூன்று வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கட்டற்ற மென்பொருள். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய இயக்கத்தின் வழிவந்தது. யாரும் பயன்படுத்தலாம், உள்ளே இருக்கும் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். எழுதுவதற்கு லிப்ரெஆபீஸ், படம் திருத்த ஜிம்ப், வடிவமைக்க இங்க்ஸ்கேப், வீடியோ பார்க்க விஎல்சி, கணினியையே இயக்க லினக்ஸ். இவற்றுக்குக் கிராக் தேவையில்லை, ஆக்டிவேஷன் கிடையாது, ஆன்டிவைரஸை அணைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாவது, களவுச் சரக்கு. காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் பூட்டை உடைத்துக் கொடுப்பது. என் கணினியில் போடப்பட்டது அதுதான்.

மூன்றாவது, போலி. நல்ல மென்பொருளின் பெயரையும் முகத்தையும் திருடிக்கொண்டு வரும் தீநிரல். இன்று அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். ஏனென்றால், நேர்மையாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற நினைப்பவர்களையே இது குறிவைக்கிறது.

ஓர் எழுத்தின் காலடியில் தூசி

2022-ல் கூகுளில் ஜிம்ப் என்று தேடியவர்களுக்கு முதலில் ஒரு விளம்பரம் வந்தது. முகவரி ஜிம்ப் டாட் ஆர்க் என்று சரியாகவே தெரிந்தது. சொடுக்கினால் போய்ச் சேர்ந்த இடமோ, இடையில் ஓரிரு எழுத்து கூடுதலாகச் செருகிய வேறொரு தளம். அங்கே கிடைத்த கோப்பு 700 மெகாபைட் இருந்தது. உண்மையில் சரக்கு 5 மெகாபைட்கூட இல்லை. பெரிய மென்பொருள் என்று நம்ப வைக்க மீதியை வெறும் பதரால் நிரப்பியிருந்தார்கள். உள்ளே இருந்தது ‘விடார்’ என்ற தகவல் திருடி.

2023-ல் இன்னும் நுணுக்கமான வேலை. கடவுச்சொற்களைப் பத்திரப்படுத்தும் கீபாஸ் என்ற கட்டற்ற மென்பொருளின் பெயரில் விளம்பரம் வந்தது. முகவரியின் முதல் எழுத்தான ஆங்கில ‘கே’யின் அடியில் மட்டும் ஒரு சிறு குறி இருந்தது. திரையில் தூசி ஒட்டியிருப்பதாக நினைத்துத் துடைக்கத் தோன்றுமே தவிர, வேறு முகவரி என்று தோன்றாது.

விடார் போன்ற திருடிகள் சத்தம் போடாது. கோப்புகளைப் பூட்டாது. பிரவுசரில் சேமித்திருக்கும் கடவுச்சொற்களையும் ‘லாக்-இன்’ அடையாளங்களையும் அள்ளிக்கொண்டு போய்விடும். நம் செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்துக்கு இதனால் என்ன என்று கேட்காதீர்கள். 2023-ல் ஓட்டல்காரர்களின் முன்பதிவுத் தளக் கணக்குகளைக் களவாட இதே விடார் பயன்பட்டது. களவாடிய கணக்கிலிருந்தே, அறை எடுத்திருந்த விருந்தினர்களுக்குப் பணம் கேட்டுச் செய்தி போனது. அங்கே ஒத்தவாடைத் தெருவில் நாலு அறை வைத்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவர் ஒருவர், பில் அடிக்க ஏதோ ஒரு மென்பொருளை அவசரத்துக்கு இறக்கினால் போதும். வந்து இறங்கும் விருந்தினர் ‘பணம் கட்டிவிட்டேனே’ என்று நிற்பார். வாங்கியவன் எந்த நாட்டில் இருக்கிறானோ!

சிற்பக்கூடங்களுக்கும் இதே எச்சரிக்கை. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2017-ல். இன்று ஆர்டர், அளவு, வரைபடம், வேலை எந்த அளவில் இருக்கிறது என்று காட்டும் புகைப்படம் எல்லாமே ஒரே கணினியில்தான் கிடக்கின்றன. உளி பட்டு உடைந்த கல்லுக்கு வேறு கல் வாங்கலாம். பூட்டப்பட்ட வரைபடத்துக்கு என்ன செய்வது?

டிடிபி, ஃப்ளெக்ஸ் கடை நடத்துபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி, களவு நகல் என்று தெரிந்தே ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். தொழிலுக்காகப் பயன்படுத்தாதவர்களுக்குச் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடமுண்டு. கடை வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

பழைய விண்டோஸ், பழைய எழுத்துரு

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. பதிவு செய்துகொண்டவர்களுக்கு நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரை. அதற்குமுன் 2020 ஜனவரியிலேயே விண்டோஸ் 7-க்கான கதவு சாத்தப்பட்டது. அரசு கொடுத்த பழைய மடிக்கணினி இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடுகிறது. ‘பழசுதான், ஆனா நல்லா ஓடுது’ என்பதும், ‘பாதுகாப்பாக இருக்கிறது’ என்பதும் ஒன்றல்ல. விண்டோஸ் 11 ஏற்காத இந்தப் பழைய கணினிகளில் லினக்ஸ் மின்ட் போன்றவை பெரும்பாலும் சரளமாக ஓடும். திருத்தங்களும் தவறாமல் வரும்.

எழுத்துருவில் இருக்கும் ஆபத்து மெதுவாகக் கொல்வது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்து வைத்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை அதிகாரபூர்வத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் நம் டிடிபி கடைகளில் பழைய எழுத்துருக்கள்தான் இன்னும் கொடிகட்டிப் பறக்கின்றன. உங்கள் நாவல் அப்படிப்பட்ட கோப்பில் இருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். லதா போன்ற எழுத்துரு விண்டோஸோடு வருவது, லினக்ஸில் இருக்காது. நோட்டோ தமிழ், லோஹித் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருக்களில் எழுதினால், அவற்றை எந்தக் கணினியிலும் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம்; நிறுவிய கணினியில் எழுத்து கலையாது.

கட்டற்றது என்றால் ஆபத்தே இல்லையா?

உண்டு. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் தளத்தையே உடைத்து, விஷம் கலந்த நகலை வைத்தார்கள். அன்றே கண்டுபிடித்து அறிவித்தார்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கைரேகைபோல ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. இறக்கிய கோப்பின் எண்ணை அவர்கள் அறிவித்த சரியான எண்ணோடு ஒப்பிட்டு, தங்கள் நகல் நல்லதா என்று பார்க்க முடிந்தது. 2024 மார்ச்சில், லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு நிரலுக்குள் யாரோ கள்ளவாசல் வைத்திருந்தார்கள். உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்ட ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்து அதைப் பிடித்தார். மூலநிரல் திறந்து கிடந்ததால்தான் தோண்ட முடிந்தது. கிராக் கோப்பை அப்படித் தோண்டிப் பார்க்க யாருக்கு வழி இருக்கிறது?

உதவி பக்கத்திலேயே இருக்கிறது

இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையம் 2005-ல் தொடங்கியபோது, அதன் ஒரு கால் இன்றைய நம் மாவட்ட எல்லைக்குள் இருந்தது: குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையத்தில். அந்த முயற்சியில் கைகோத்த சி-டாக் சென்னை, ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸை உருவாக்கியது. பக்கத்து மாவட்டத்தில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே கற்றுக்கொடுக்க 2012-ல் ‘கணியம்’ இதழ் வந்தது. கணியம் குழுவினரின் முயற்சியால் 2013 முதல் இலவசத் தமிழ் மின்னூல்களும் வெளியாகின்றன. கேட்டால் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். கேட்காமல் கிராக்கைத் தேடிப் போவதுதான் கொடுமை.

இன்றே செய்யுங்கள்

1. விண்டோஸில் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலைப் பாருங்கள். ஆன்டிவைரஸ் எட்டிப் பார்க்கக் கூடாத இடங்கள் அங்கே இருக்கும். சி டிரைவ் முழுதும் அதில் இருந்தால், உங்கள் வீட்டுக்கும் காவல் இல்லை.

2. தேடல் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். லிப்ரெஆபீஸ் டாட் ஆர்க், வீடியோலேன் டாட் ஆர்க், ஜிம்ப் டாட் ஆர்க் என்று முகவரியை நீங்களே அடியுங்கள்.

3. ‘ஆன்டிவைரஸை அணை’ என்று எந்தக் கோப்பு சொன்னாலும், அதை அங்கேயே நிறுத்துங்கள்.

4. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். முதலில் லிப்ரெஆபீஸில் பழகுங்கள். பதிப்பாளர் வேர்டு கோப்பு கேட்டால் அந்த வடிவத்திலும் சேமித்துக் கொடுக்கலாம்.

5. எழுதியது மூன்று இடத்தில் இருக்கட்டும்: கணினி, கழற்றி வைத்த டிரைவ், மின்னஞ்சல் அல்லது மேகச் சேமிப்பு. எனக்கு மிஞ்சிய ஒன்பதும் மின்னஞ்சலால் மிஞ்சியவை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டீர்களா? இணையத்தைத் துண்டியுங்கள். பணம் கட்ட ஓடாதீர்கள். கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பூட்டிய கோப்புகளை அழிக்காமல் ஒரு டிரைவில் ஒதுக்கி வையுங்கள். பின்னாளில் சாவி கிடைக்கலாம். ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில் இலவச மீட்புக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு கணினியிலிருந்து எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

பூட்டிய அந்த ஐந்து கட்டுரைகளும் இன்னமும் என் டிரைவில் அதே நான்கெழுத்து வாலோடு கிடக்கின்றன. அவற்றில் ஒன்று, தேவனேரி மீனவப் பெரியவர் ஒருவர் சொல்லக் கேட்டு எழுதியது. அவர் இப்போது இல்லை. திரும்ப எழுத எனக்கு ஆசைதான். போய் யாரைக் கேட்பேன்?

அதனால்தான் இத்தனை பதற்றம். அடுத்த முறை கணினியைக் கடையில் கொடுக்கும்போது, “எல்லாம் ஃப்ரீயா போட்டுட்டேன்” என்றால், வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அங்கேயே நின்று கேளுங்கள்: “எங்கேருந்து டவுன்லோடு பண்ணீங்க தம்பி? அந்தப் பக்கத்தைக் காட்டுங்க.”

காட்ட முடியாவிட்டால், உங்கள் கணினியில் அது வேண்டாம்.